மூன்று தவணை ரோட்டா சொட்டு போட்டும் வயிற்றுப்போக்கு: மருந்தில் குறையா, குடல் வேறா?

நிலா_அப்பா (இழையைத் தொடங்கியவர், திருவண்ணாமலை)

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு எட்டு மாதம். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் ரோட்டா சொட்டு மருந்து மூன்று தவணையும் அரசு முகாமிலேயே போட்டாகிவிட்டது. அட்டையில் தேதி எல்லாம் இருக்கிறது. இருந்தும் போன வாரம் வாந்தியில் ஆரம்பித்து ஒரே நாளில் பதினோரு தடவை தண்ணீராகப் போனாள். மலப் பரிசோதனையில் ரோட்டா வைரஸ் என்றே வந்தது. ஓ.ஆர்.எஸ். கரைசலும் ஜிங்க் மருந்தும் கொடுத்து மூன்றாம் நாள் தெளிந்துவிட்டாள். குளுக்கோஸ் ஏற்றும் அளவுக்குப் போகவில்லை.

என் சித்தப்பா மகள் லண்டனில் இருக்கிறாள். அவள் பையனுக்கும் சொட்டுதான். அங்கே இந்த நோயைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது என்கிறாள். எங்கள் வீட்டில் அம்மா, "நர்சு வெயிலில் வைத்திருந்த மருந்தைப் போட்டுவிட்டாள்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். உண்மையிலேயே மருந்து கெட்டுப்போயிருக்குமா? இல்லை, நம்மூருக்கு வரும் மருந்தே மட்டமா?

செவிலி_பூங்கொடி

தம்பி, நான் முப்பத்திரண்டு வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் அம்மாவின் கோபம் புரிகிறது. ஆனால் ஒன்றைக் கேளுங்கள்.

சொட்டு மருந்துக் குப்பியின் லேபிளில் ஒரு சின்ன வட்டம் இருக்கும், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. சூடுபட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியை ஓரம் வைத்துவிட வேண்டும். அதைப் பார்க்காமல் நான் ஒரு குழந்தைக்கும் வாயைத் திறந்து சொட்டு விட்டதில்லை. காலையில் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவதிலிருந்து மாலையில் திருப்பிக் கொடுப்பது வரை அந்தச் சதுரத்தின் மேல்தான் கண்.

அப்படிப் போட்டும் சில பிள்ளைகளுக்கு நோய் வந்தது. போலியோ காலத்திலும் இதே கதைதான். "போன ஞாயிற்றுக்கிழமைதானே போட்டீங்க, மறுபடியும் எதுக்கு?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். மேலிருந்து போடச் சொன்னார்கள், போட்டேன். நம்ம பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் அத்தனை தடவை என்று எனக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி

பூங்கொடி அம்மா, நீங்கள் கேட்ட கேள்விக்கு முன்பே விடை தேடியவர் நிலா அப்பாவின் மாவட்டத்துப் பக்கமே இருந்தார். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான். போலியோ சொட்டு மூன்று தவணை போட்டால் போதும் என்று மேலை நாடுகளின் கணக்கு சொன்ன 1970களில், வேலூர்க் குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்து, மூன்று தவணைக்குப் பிறகும் கணிசமானவர்களுக்கு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உருவாகவில்லை என்று காட்டினார். அதே சொட்டு, வேறு நாட்டில் வேறு பலன்.

பிற்காலத்தில் உத்தரப் பிரதேசத்தில் கணக்கெடுத்தபோது, மூன்று வகை வைரஸும் கலந்த சொட்டு ஒரு தவணைக்கு 1ஆம் வகை போலியோவுக்கு எதிராகத் தந்த பாதுகாப்பு 9 சதவீதம்தான். இந்தியாவின் பிற பகுதிகளில் 21. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் உங்களை அலையவிட்டார்கள் அம்மா. 2011 ஜனவரி 13இல் மேற்கு வங்கத்தில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் இயற்கையான போலியோ வைரஸால் நாட்டில் வந்த கடைசிப் போலியோ. அதற்குப் பின்னால் உங்களைப் போன்றவர்களின் கால்கள் இருக்கின்றன.

நிலா அப்பாவுக்கு: ரோட்டாவிலும் இதே நிலைதான். ஒரே ரோட்டா சொட்டு மருந்து, ஐரோப்பியச் சோதனையில் முதல் பருவத்தில் கடும் நோய்க்கு எதிராக 96 சதவீதம் காத்தது. தென் ஆப்பிரிக்காவில் 77. இன்னொரு ஆப்பிரிக்க நாடான மலாவியில் 49. நம் நாட்டு ரோட்டாவாக் மருந்தை டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் சேர்த்து 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2014இல் வந்த முடிவு, பாதிக்குச் சற்று மேல். ஆக மருந்து மட்டமில்லை. அது போய் இறங்கும் இடம் வேறாக இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது "கடும் நோய்க்கு எதிராக" என்ற சொல். உங்கள் மகளுக்கு ஓ.ஆர்.எஸ்.சோடு முடிந்தது அல்லவா? மருந்து செய்ய வேண்டியதில் முக்கியமான பகுதி அதுதான்.

முரளி_கோவை

பாதிதான் காக்கிறது என்றால் அதற்கு இவ்வளவு செலவு எதற்கு சார்? கோபமாகக் கேட்கவில்லை, புரியாமல் கேட்கிறேன்.

நுண்ணோக்கி

நியாயமான கேள்வி. மலாவியில் சதவீதம் குறைவு. ஆனால் அங்கே நோய் அதிகம். அதனால் மருந்து பெற்ற ஒவ்வொரு 100 குழந்தைக்கும் ஓராண்டில் தடுக்கப்பட்ட கடும் நோய், தென் ஆப்பிரிக்காவில் 4.2, மலாவியில் 6.7. சதவீதம் குறைந்த இடத்தில்தான் அதிகக் குழந்தைகள் தப்பித்தார்கள்.

இப்போது குடலுக்கு வருகிறேன். ஊசி தசையில் இறங்குகிறது. சொட்டில் இருப்பது உயிருள்ள, பலமிழந்த வைரஸ். அது வயிற்று அமிலத்தைத் தாண்டி, சிறுகுடலில் போய் ஒட்டி, சற்றுப் பெருகினால்தான் நோய் எதிர்ப்புச் செல்கள் அதைப் பார்க்கும். சிறுகுடலின் உட்சுவர் ஒரே ஒரு செல் அடுக்குதான். அந்தச் செல்களும் சில நாளுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கும். ஆங்காங்கே பேயர் திட்டுகள் என்று காவல் சாவடி மாதிரி திட்டுகள் இருக்கும். 1677லேயே யோகான் கொன்ராட் பேயர் என்ற சுவிஸ் மருத்துவர் விவரித்தவை. அவற்றின் மேலிருக்கும் 'எம்' (M) செல்கள் குடலுக்குள் போகும் சரக்கைக் கொஞ்சம் கிள்ளி உள்ளே கொடுக்கும். டைபாய்டு கிருமி உடலுக்குள் நுழைவதும் அதே வாசல் வழியாகத்தான். உள்ளே டென்ட்ரிடிக் செல்கள் அந்த மாதிரியைக் காட்ட, டி செல்கள், பி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள் முடிவெடுக்கின்றன: எதிர்ப்பதா, பொறுத்துப்போவதா.

அந்த முடிவு எப்போதும் அக்கம்பக்கத்தைப் பார்த்து எடுக்கப்படும் முடிவு. நாள் முழுக்கச் சோறும் பருப்பும் கோடானுகோடி பாக்டீரியாவும் கடந்துபோகும் இடத்தில் எல்லாவற்றின் மேலும் பாய்ந்தால் குடல் புண்ணாகிவிடும். அதனால் குடலின் இயல்பே பொறுமை. அந்தப் பொறுமையைச் சொல்லிக்கொடுப்பதில் பாக்டீரியாவுக்குப் பெரும் பங்கு.

தாமரை

பாக்டீரியா எப்படிங்க நம்ம செல்லுக்குச் சொல்லிக்கொடுக்கும்? கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

நுண்ணோக்கி

எனக்கு மிகவும் பிடித்த ஓர் எலிக் கதை சொல்கிறேன் தாமரை.

நியூயார்க்கில் டான் லிட்மனின் ஆய்வகத்தில் ஒரே மரபுவழி எலிகளை இரண்டு வேறு பண்ணைகளிலிருந்து வாங்கினார்கள். ஒரே மரபணு, ஒரே வயது. ஆனால் ஒரு பண்ணை எலிகளின் சிறுகுடலில் டி.எச்.17 என்னும் போர்க்குணமுள்ள டி செல்கள் நிறைய. மற்றப் பண்ணை எலிகளில் மிகக் குறைவு. இரண்டையும் ஒரே கூண்டில் விட்டார்கள். எலிகள் ஒன்றின் புழுக்கையை மற்றொன்று தின்னும். சில வாரத்தில் இல்லாதவற்றுக்கும் அந்தச் செல்கள் வந்துவிட்டன. காரணம் ஒரே ஒரு பாக்டீரியா. நூல் இழை போல நீண்டு, கணு கணுவாக, குடல் சுவரில் ஒரு முனையைக் குத்தி ஒட்டிக்கொள்ளும் வகை. 2009இல் வெளிவந்தது.

பின்னர் 2019இல் அட்லாண்டாவில் வேறொரு குழு, அந்த இழை பாக்டீரியா குடலில் இருக்கும் எலிகளுக்கு ரோட்டா வைரஸ் தொற்றுவதில்லை என்று கண்டது. எதிர்ப்புச் செல்களே சரியாக இல்லாத எலிகளையும் அது காத்தது. குடல் சுவர்ச் செல்கள் சீக்கிரம் உதிர்ந்து புதுப்பிக்கப்பட்டன, வைரஸுக்குத் தங்க இடமில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஜப்பானில் கென்யா ஹோண்டாவின் குழு, கிளாஸ்ட்ரிடியா குடும்பத்தின் சில வகைகள் அமைதிப்படுத்தும் டி செல்களைப் பெருக்குகின்றன என்று 2011இல் காட்டியது. மனித மலத்திலிருந்தே 17 வகைகளைப் பிரித்தெடுத்து 2013இல் எலியில் அதையே செய்து காட்டியது. ஒரு பாக்டீரியா சண்டைக்குத் தூண்டுகிறது, இன்னொன்று அமைதிப்படுத்துகிறது. எந்தக் குடலில் எது அதிகம் என்பதைப் பொறுத்து அதே சொட்டுக்கு வேறு பதில் வருவதில் வியப்பில்லை.

முரளி_கோவை

அப்படியானால் வழி சுலபமாச்சே! நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஆன்டிபயாடிக் சீட்டோடு "நல்ல பாக்டீரியா" பொடியும் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். சொட்டு போடும் நாளில் அதையும் கொடுத்துவிட்டால் என்ன?

குழந்தைமருத்துவர்_ஈரோடு

முரளி, அதையும் வேலூரிலேயே செய்து பார்த்துவிட்டார்கள். ரோட்டா சொட்டோடு லாக்டோபேசில்லஸ் வகைப் பொடியும் ஜிங்க்கும் 620 குழந்தைகளிடம் சோதித்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி பலன் கிடைக்கவில்லை. எதிர்த்திசையிலும் முயன்றார்கள்: 2016இல் வெளியான இன்னொரு வேலூர்ச் சோதனையில் 754 குழந்தைகளுக்குப் போலியோ சொட்டுக்கு முன்பு மூன்று நாள் அசித்ரோமைசின் என்னும் ஆன்டிபயாடிக். குடலில் நோய்க் கிருமிகள் குறைந்தன, அழற்சியின் அடையாளங்களும் குறைந்தன. ஆனால் சொட்டின் பலன் கூடவில்லை. அந்த முடிவைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே மனசு கனத்தது. இவ்வளவு அழகான கருதுகோள்.

பெரியவர்களுக்கும் அந்தப் பொடி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் 2018இல், ஆன்டிபயாடிக் முடிந்தபின் பொடி சாப்பிட்டவர்களுக்கு அவர்களுடைய சொந்த பாக்டீரியாக்கள் திரும்பிவர இன்னும் தாமதமானது தெரிந்தது. ஒன்றும் சாப்பிடாமல் விட்டவர்கள் அவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள். வழக்கமாக எழுதித் தள்ளுவதை நான் நிறுத்திவிட்டேன்.

வயக்காட்டான்

எனக்கு ஒன்று இடிக்கிறது. மண்ணில் புரண்டு வளர்ந்த பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம், விதவிதமான நுண்ணுயிர் இருந்தால் குடல் பலமாக இருக்கும் என்றுதானே எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள்? கிராமத்துக் குழந்தைக்குத்தானே சொட்டு நன்றாகப் பிடிக்க வேண்டும்?

நுண்ணோக்கி

இந்த இழையில் எனக்குக் கிடைத்த சிறந்த கேள்வி இது.

வேலூர், மலாவி, பிரிட்டன் மூன்று இடத்துக் குழந்தைகளையும் பிறந்ததிலிருந்து தொடர்ந்து ஆராய்ந்து 2021இல் ஒரு கட்டுரை வந்தது. முதல் வாரங்களில் நம்ம குழந்தைகளின் குடலிலும் மலாவிக் குழந்தைகளின் குடலிலும் நுண்ணுயிர் வகைகள் பிரிட்டன் குழந்தைகளைவிட அதிகம். சொட்டுக்கு எதிர்ப்பொருள் உருவானது அவர்களைவிடக் குறைவு. வகை கூடக்கூடப் பலன் குறைந்தது. நடுத்தர வயதுக்காரருக்குப் பல வகை நுண்ணுயிர் நல்ல அடையாளமாக இருக்கலாம். ஆறு வாரக் குழந்தைக்கு அது, "ஏற்கெனவே நிறையச் சந்தித்துவிட்டேன்" என்பதன் அடையாளம். குடலில் ஏற்கெனவே வேறு வைரஸ்கள் இருந்தால் சொட்டு வைரஸ் இடம் பிடிப்பது கடினமாகலாம். தாயிடமிருந்து ரத்தம் வழியாக வந்த ரோட்டா எதிர்ப்பொருளும் அதிகம், அது சொட்டு வைரஸையே அடித்துவிடுகிறது. நுண்ணுயிர் இந்தக் கதையில் ஒரு பாத்திரம், ஒரே பாத்திரம் இல்லை.

இன்னொன்று குடலின் தோற்றம். அமெரிக்கத் தன்னார்வலர்கள் சிலர் பாகிஸ்தானில் போய்த் தங்கியபோது, பெரிய நோய் எதுவும் இல்லாமலே குடலுறிஞ்சிகள் மழுங்கிப்போனதை 1960களில் கண்டார்கள். விரல் மாதிரி நீண்டிருக்க வேண்டியவை தட்டையாகிவிடும். சத்து உறிஞ்சுவதும் குறையும். ஊர் திரும்பிச் சில மாதங்களில் பழைய நிலைக்கு வந்தன. பிறவியோ இனமோ காரணமாக இருந்தால் அப்படி மாறித் திரும்பியிருக்காது. தண்ணீரும் கழிப்பிடமும் கையும்தான் குடலை அப்படி வைத்திருந்தன.

வயக்காட்டான்

ஏற்றுக்கொள்கிறேன். அப்படியே பழைய சோற்றையும் சொல்லிவிடுங்கள். எங்கள் அப்பாயி 91 வயது வரை காலையில் நீராகாரம் தவிர வேறு தொட்டதில்லை. மண்சட்டியில் ஊறிய சோறு, மேலே தெளிந்து நிற்கும் அந்தப் புளிப்புத் தண்ணீர், இரண்டு சின்ன வெங்காயம்.

குழந்தைமருத்துவர்_ஈரோடு

பெரியவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம், நானும் சாப்பிடுகிறேன். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகிப்போய்ச் சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாவுக்கு உணவாகி, பியூட்டிரேட் போன்ற அமிலங்களாக மாறும். பெருங்குடல் சுவர்ச் செல்களுக்குப் பியூட்டிரேட்தான் முதன்மையான எரிபொருள். அதே பியூட்டிரேட் அமைதிப்படுத்தும் டி செல்களைப் பெருக்குகிறது என்று 2013இல் எலிகளில் வெவ்வேறு குழுக்கள் தனித்தனியே காட்டின. புளித்த உணவுக்கும் சான்று உண்டு: ஸ்டான்ஃபோர்டில் 36 பெரியவர்களைப் பத்து வாரம் கவனித்தபோது, தயிர், கெஃபிர், கிம்ச்சி மாதிரி புளித்தவை அதிகம் சாப்பிட்ட பாதிப் பேருக்கு ரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. பழைய சோற்றை அங்கே யாரும் சோதிக்கவில்லை, அதனால் அந்த எண்ணைச் சோற்றின் மேல் ஏற்றிச் சொல்ல மாட்டேன்.

குழந்தைக்கு மட்டும் வேண்டாம். இரவு முழுக்க வெளியில் இருந்த தண்ணீரில் என்ன வளர்ந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. எட்டு மாதப் பிள்ளைக்குச் சுடச்சுடக் குழைத்த சோறும் பருப்பும் போதும்.

தாமரை

டாக்டர், ஒரு சந்தேகம். தாயின் எதிர்ப்பொருள்தான் சொட்டை அடிக்குதுன்னு நுண்ணோக்கி அண்ணன் சொன்னதைப் படிச்சதும் பயமா இருக்கு. எனக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள். அடுத்த புதன்கிழமை முகாம். அன்னைக்குப் பால் கொடுக்காம இருக்கணுமா? எங்க மாமியாரும் சொட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் பால் கொடுக்காதேன்னு சொல்றாங்க.

குழந்தைமருத்துவர்_ஈரோடு

வேண்டாம் அம்மா, வேண்டவே வேண்டாம். அவர் சொன்னது கர்ப்பத்திலேயே ரத்தம் வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததை. பால் விஷயத்தைத் தனியே சோதித்தார்கள். டெல்லியில் சொட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் பாலை நிறுத்திப் பார்த்தார்கள். எந்த வித்தியாசமும் இல்லை. பிள்ளை அழுததுதான் மிச்சம். பாலில் வரும் ஐ.ஜி.ஏ. என்னும் எதிர்ப்பொருள் உங்கள் பிள்ளையின் குடலில் பூச்சு மாதிரி நின்று காக்கிறது. கேட்கும்போதெல்லாம் கொடுங்கள்.

செவிலி_பூங்கொடி

தாமரை, சொட்டு விட்டதும் பிள்ளை துப்பிவிடும், சிணுங்கும். மார்போடு அணைத்துக்கொண்டால் அடங்கிவிடும். நான் முகாமில் தாய்மார்களை அங்கேயே உட்கார்ந்து பால் கொடுக்கச் சொல்வேன். மாமியாரிடம் நர்சம்மா சொன்னதாகச் சொல்.

முரளி_கோவை

சரி, குடலுக்குப் போகும் சொட்டுக்குக் குடல் முக்கியம். கையில் போடும் ஊசிக்கு இந்தத் தொல்லை இல்லைதானே?

நுண்ணோக்கி

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் பாலி புலேந்திரனின் குழு 2019இல் வெளியிட்டதைப் பாருங்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஐந்து நாள் கடும் ஆன்டிபயாடிக். குடல் பாக்டீரியா பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. பிறகு கையில் ஃப்ளூ ஊசி. ஏற்கெனவே ஃப்ளூவுக்கு நல்ல எதிர்ப்பொருள் இருந்தவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. அது குறைவாக இருந்தவர்களிடம் ஊசியின் பலன் குறைந்தது. குடலில் நடந்தது கைக்கும் கேட்கிறது.

ஆனால் குடலை நம் பக்கம் இழுக்க ஊசிக்கும் முடியும். சொட்டு ஏற்கெனவே போட்ட வேலூர்க் குழந்தைகளுக்கு ஒரு போலியோ ஊசி போட்டபோது, அவர்களின் குடல் எதிர்ப்பு கூடியது. 2014இல் வந்த முடிவு. சொட்டு காட்டிய முகத்தைக் குடல் செல்கள் நினைவில் வைத்திருந்தன, ஊசி அதைத் தட்டி எழுப்பியது. இன்று நம் தடுப்பூசி அட்டவணையில் போலியோ சொட்டும் ஊசியும் சேர்ந்தே இருக்கின்றன.

நிலா_அப்பா

எல்லாவற்றையும் அம்மாவுக்கு உட்கார்ந்து படித்துக் காட்டினேன். எலிக் கதையை இரண்டு தடவை கேட்டார். நர்சைத் திட்டுவதை நிறுத்திவிட்டார். நேற்று நானே முகாமுக்குப் போய் அந்தச் செவிலியரைப் பார்த்து, பிள்ளை தேறிவிட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் கேட்காமலே குப்பியை எடுத்து அந்தச் சதுரத்தைக் காட்டினார்.

வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீரை அப்படியே குடித்துக்கொண்டிருந்தோம், இப்போது பிள்ளைக்குக் கொதிக்கவைக்கிறோம். பூங்கொடி அம்மா, அடுத்த மாதம் ஒன்பது மாத ஊசி. ஜிங்க் இன்னும் நாலு நாள் பாக்கி. நன்றாகத்தானே இருக்கிறாள், நிறுத்திவிடலாமா?

செவிலி_பூங்கொடி

நிறுத்தாதீர்கள், மொத்தம் 14 நாள் கொடுத்து முடியுங்கள். ஒன்பது மாதத்தில் தட்டம்மை-ரூபெல்லா ஊசியோடு வைட்டமின் ஏ திரவம் ஒரு மில்லி கொடுப்பார்கள், ஒரு லட்சம் யூனிட். கசக்கும் என்று பயப்பட வேண்டாம், பிள்ளைகள் சப்புக்கொட்டிக் குடிக்கும்.

நுண்ணோக்கி

அந்த வைட்டமின் ஏ பற்றி ஒரு வரி. குடலின் டென்ட்ரிடிக் செல்கள் அதை ரெட்டினோயிக் அமிலமாக மாற்றித்தான் டி செல்கள் மேல் "குடலுக்குப் போ" என்ற முகவரியை ஒட்டுகின்றன. 2004இல் ஜப்பானில் எலிகளில் கண்டது. அது இல்லாவிட்டால் பழக்கப்பட்ட செல்லுக்குக் குடல் எந்தப் பக்கம் என்றே தெரியாது. முருங்கைக்கீரையும் மாம்பழமும் அந்த முகவரியை எழுதும் மை மாதிரி, நிலாவுக்கு மசித்துக் கொடுக்கத் தொடங்குங்கள்.